கரையில்லாத குளங்கள்

பால்மரம் வெட்டியவர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விடியும் முன்பே பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கியது கங்காணியின் அதட்டலுக்குப் பயந்து என்றுதான் வெளியார் நினைப்பார்கள். அந்த நேரத்தைக் குறித்தது மரம். இரவெல்லாம் வேர் நீரை ஏற்றும். இலை அதைச் செலவழிக்காது. அதனால் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்கள் விடியற்காலையில் விம்மி நிற்கும். கத்தி பட்டதும் பால் வடியும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விடும், குழாய்களில் அழுத்தம் தளரும், பால் குறையும். மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கிற நேரத்தில், தலைக்கு மேலே மரம் வேறொரு வேலையில் இறங்கியிருக்கும்: மண்ணிலிருந்து உறிஞ்சிய நீரைக் காற்றில் விட்டுச் சுற்றுப்புறத்தைக் குளிர வைக்கிற வேலை. முதல் வேலைக்கு ஸ்டோரில் நிறுத்துக் கூலி போட்டார்கள். இரண்டாவதற்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

ஈப்போவின் சூட்டையும் அதன் குட்டைகளையும் பற்றி எழுத உட்கார்ந்தவன் ரப்பர் மரத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் நகரங்களை ஏரி குளங்கள் ஆற்றும் என்ற பேச்சு இப்போது எல்லா நாட்டு நகரத் திட்டங்களிலும் இருக்கிறது. அது முழு உண்மை என்றால், மலேசியாவின் சமவெளி நகரங்களில் ஈப்போதான் எல்லாவற்றையும்விடக் குளுமையாக இருக்க வேண்டும். விமானத்தில் இருந்து பார்த்தால் ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணாடிச் சில்லுகளை வாரி இறைத்ததுபோல் நீர் மின்னுகிறது. ஆனாலும் பிப்ரவரி, மார்ச் மாத மதியங்களில் வெப்பமானி 34, 35 என்று காட்டுவது இங்கே சாதாரணம். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடும். இத்தனை தண்ணீர் இருந்தும் ஏன்?

தண்ணீர் எப்படி வந்தது என்பதிலிருந்து பார்க்க வேண்டும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர், இடையில் சுண்ணாம்புக் குன்றுகள் முளைத்து நிற்கும் பள்ளத்தாக்கு. அதன் வண்டல் மண்ணில் வெள்ளீயம் இருந்தது; இங்கே அதை ஈயம் என்றே சொல்வோம். 1880கள் முதல் நூறு ஆண்டுகள் அந்த மண்ணைப் புரட்டினார்கள். சீனத் தொழிலாளர்கள் பலோங் என்ற சாய்வான மரவாய்க்கால் கட்டி, நீரைப் பீய்ச்சிச் சேறாக்கி, ஈயமணலைப் பிரித்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலையே கொண்டுவந்தன. 1938இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் 5ஆம் எண் அகழ்வுக் கப்பல் 4,500 டன் எடை. தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்து, முன்னால் மண்ணை வாரி, பின்னால் கழிவைக் கொட்டி, குட்டையையும் கூடவே இழுத்துக்கொண்டு நகர்ந்த இரும்பு மிருகம் அது. 1982 வரை ஓடியது, இப்போது காட்சிப்பொருள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாவின் கதை ஏறக்குறைய முடிந்தது. பம்புகள் நின்றன. மழையும் ஊற்றும் குழிகளை நிரப்பின. நாம் ஈயக்குட்டை என்று சொல்வது அந்தக் குழிகளைத்தான்.

தமிழ்நாட்டுக் கண்மாயும் ஊருணியும் வேறு சாதி. அங்கே நீரைத் தேக்குவதற்காகக் கரை போட்டார்கள். கரை நிற்பதற்காக மரம் வைத்தார்கள். மனிதர் இறங்குவதற்குப் படித்துறை கட்டினார்கள். குளம் என்றால் பாதி நீர், பாதி கரை. அப்படி வெட்டிய குளங்களையும் பின்னால் தூர்த்தார்கள் என்பது தனிக்கதை. சென்னையில் மாம்பலத்து நெடிய ஏரியை 1920களில் மூடித்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர் மிச்சம், பார்ப்பதற்கு ஏரி இல்லை. ஈப்போவின் நிலைமை நேர் எதிர். இங்கே ஏரி இருக்கிறது, கரை இல்லை. விளிம்பில் செங்குத்தாக இறங்கும் பள்ளம், கால் வைத்தால் உள்வாங்கும் சேறு, மரம் வேர்பிடிக்கத் தயங்கும் வெள்ளை மணல், கம்பிவேலி, 'பஹாயா' (ஆபத்து) என்று எழுதிய பலகை. குளிக்கப்போன பிள்ளைகள் திரும்பாத செய்தி இங்கே ஆண்டு தவறுவதில்லை. இந்தக் கரையின்மைதான் வெப்பக் கணக்கிலும் முக்கியம் என்பது என் கட்சி.

முதலில் தண்ணீரின் பக்கம் நியாயம் பேசிவிடுவோம். ஒரு கிலோ நீரின் சூட்டை 1 டிகிரி உயர்த்தும் வெப்பம், ஒரு கிலோ சிமெண்டுக் கல்லின் சூட்டை 4 டிகிரிக்கு மேல் உயர்த்திவிடும். நீர் மெதுவாகச் சூடேறும். அதைவிடப் பெரிய வேலை ஆவியாதல். ஒரு ஹெக்டர் குட்டையில் ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், அது 40 டன். ஒரு கிலோ ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். பெருக்கினால் நாளொன்றுக்கு 26,000 யூனிட்டுக்கு மேல் வரும். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் ஆயிரத்து இருநூறை எட்டு மணிநேரம் ஓடவிட்டால்தான் அவ்வளவு வெப்பத்தை அறைகளிலிருந்து வெளியே தள்ள முடியும். ஏர்கோனோ அதைத் தெருவில்தான் கொட்டும். குட்டை அப்படிச் செய்யாது.

கூட்டத்தில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் கணக்கு இது. அதன் மறுபக்கத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஈப்போவில் ஒரு ஹெக்டர் பரப்பில் விழும் சூரிய வெப்பம் நாளொன்றுக்குச் சுமார் 50,000 யூனிட். அதாவது குட்டை தன் தலையில் விழும் வெயிலில் பாதியைச் சமாளிக்கிறது. மீதியில் ஒரு பங்கு நீருக்குள் போய்த் தங்குகிறது. அந்த ஒரு ஹெக்டரில் தார் போட்டிருந்தால் நேர்ந்திருக்கும் கேட்டை அது தவிர்க்கிறது. அடுத்த தெருவின் கேட்டைத் தவிர்க்க அதனிடம் அதிகம் மிச்சமில்லை.

அடுத்தது ஈரப்பதம். ஆவியாதல் காற்றை எவ்வளவு குளிர்விக்க முடியும் என்பதற்கு ஓர் அடித்தளம் உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. 40 டிகிரி வெயிலும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு வறண்ட ஊரில் அந்த அடித்தளம் 23 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். காற்று 17 டிகிரி இறங்க இடமிருக்கிறது. மண்பானை நீர் அங்கே சில்லென்று இருப்பது அதனால்தான். ஈப்போவின் மதியத்தை 33 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்தால் அடித்தளம் 26.7. இறங்க இடம் ஆறே டிகிரி, அதுவும் ஏட்டளவில். நடப்பில் அதில் ஒரு சிறு பங்கு கிடைத்தாலே பெரிது. காற்றோட்டமில்லாத இடத்தில் குட்டையிலிருந்து எழும் ஈரம் வியர்வையை உலரவிடாமல் புழுக்கத்தைக் கூட்டவும் செய்யும். வறண்ட நாட்டில் எழுதிய பாடத்தை மலாயா மண்ணில் அப்படியே ஒப்பிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரவுக்கு வருவோம். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீனவெல்டும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தண்ணீர்ப் பக்தர்களைச் சற்று அசைத்துப் பார்த்தது. பகலில் வாங்கிய வெப்பத்தை நீர் எளிதில் விடாது. சூரியன் மறைந்தபின் சுற்றியுள்ள நிலம் ஆறும். நீர் சூடாகவே இருக்கும். நகருக்கும் சுற்றியுள்ள நாட்டுப்புறத்துக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தின் உச்சம் தெரிவதோ இரவில்தான். ஆகவே நகருக்குள் நீர்ப்பரப்பு கூடினால் அந்த உச்சம் குறைவதற்குப் பதில் கூடவும் கூடும் என்றார்கள். கால்வாய்களின் நாட்டிலிருந்து இப்படி ஒரு முடிவு வந்ததை நான் ரசித்தேன். ஈப்போவில் இரவு வெப்பம் சின்ன விஷயம் அல்ல. மலிவுவிலை வீட்டில் ஏர்கோன் இல்லாமல் படுக்கிறவருக்கு மதியத்து 34ஐவிட நள்ளிரவுப் புழுக்கம்தான் பெரிய எதிரி.

இந்த இரவுப் பக்கம் பல ஆய்வுகளின் கண்ணில் படாததற்கு ஒரு காரணம், அவை நம்பியிருக்கும் செயற்கைக்கோள். லேண்ட்சாட் நம் தலைக்கு மேல் போவது முற்பகலில். அந்த நேரத்தில் தகரக் கூரையும் தாரும் சூடேறத் தொடங்கியிருக்கும். நீர் இன்னும் ஏறியிருக்காது. படத்தில் ஊர் சிவப்பாகவும் குட்டை நீலமாகவும் விழும். அந்த நீலம் நீரின் மேற்பரப்பு வெப்பம். கரையில் நிற்கும் மனிதன் மூச்சிழுக்கும் காற்றின் வெப்பம் அல்ல. படத்தைப் பார்த்து 'ஏரி 5 டிகிரி குளிர்விக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். 1970களில் கோலாலம்பூரின் வெப்பத்தை ஆய்ந்த பேராசிரியர் ஷாம் சானியைப் போல, காற்றின் சூட்டைக் களத்தில் இறங்கி அளப்பதற்கு வேறு பொறுமை வேண்டும்.

ஈயக்குட்டைக்கே உரிய இன்னொரு சிக்கல் அதன் ஆழம். ஆழமான நீர் குளிர்ந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி அடியில் கிடக்கிறது. வெப்பமண்டலத்தில் மேல்நீர் சூடாகி, லேசாகி, மூடிபோல் மேலேயே தங்கிவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் காற்று மெல்லியது, குன்றுகளும் மறைக்கின்றன. கலக்கிவிட ஆளில்லாத குட்டையில் கீழே பத்து மீட்டர் குளிர்நீர் இருந்து கரைக்காரருக்கு என்ன பயன்? காற்று நீர்மேல் தவழ்ந்து வந்து தெருவுக்குள் நுழைய வழி இருந்தால்தான் குட்டை ஊருக்கு உதவும். நம் வீட்டுத் தாமான்களிலோ குட்டையின் விளிம்பு வரை மதில் எழுப்பி, அதற்கு முதுகைக் காட்டித்தான் வீடு கட்டுகிறார்கள்.

இப்போது ரப்பர் காட்டுக்குத் திரும்பலாம். மலாயாவின் ரப்பர் வரலாறே ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் வேர்விட்டது. 1877இல் வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. ஈயமும் ரப்பரும் வேறு வேறு உலகங்கள் என்று நாம் பேசினாலும் நிலம் ஒன்றுதான். பத்து காஜா அருகே முடியாமல் நிற்கும் கெல்லிஸ் காசலைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் என்ற பெயரில் ரப்பர்த் தோட்டமும் வைத்திருந்தார், ஈய அகழ்வுக் கம்பெனியும் வைத்திருந்தார். அவருடைய தமிழ்த் தொழிலாளர்களின் மாரியம்மன் கோயிலின் உச்சியில் அவருக்கே ஒரு சிலை இருக்கிறது. ஒரே துரையின் ஒரு கை மரத்தை நட்டது, மறு கை மண்ணைத் தோண்டியது.

அந்தத் தோட்டங்கள் கிந்தாவின் இரண்டாவது நீர்நிலை, நின்றுகொண்டிருந்த நீர். நிழலையும் கொடுத்து, வேர்வழி எடுத்த நீரை இலைவழி ஆவியாக்கவும் செய்தது. குட்டைக்கு நிழல் கொடுக்கத் தெரியாது. தோட்ட லயங்களும் பெரும்பாலும் அல்லூர் என்ற சிற்றோடைக்கோ ஆற்றுக்கோ பக்கத்திலேயே இருந்தன. குளியலும் துணி துவைப்பும் அங்கேதான். தகரக் கூரையின் கீழ் மதியத்தில் வேகும். வாசலைத் தாண்டினால் காடு. இதை நான் பொற்காலமாக்கவில்லை. காய்ச்சலும் கடனும் கள்ளுக்கடையும் அதே லயத்தில்தான் இருந்தன. ஆனால் வெயிலுக்கு அங்கே ஒரு பதில் இருந்தது.

ரப்பரைப் பற்றி ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இலையுதிர்காலம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். ஆண்டின் சூடான மாதங்களுக்குச் சற்று முன்பும் அவற்றோடும். மொட்டை மரம் நிழலும் தராது, ஆவியும் விடாது. ஆகவே ரப்பர்க்காடு இருந்தபோது ஈப்போ சில்லென்று இருந்தது என்று சொல்லும் பாட்டிமார் கதையில் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும்.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கத் தொடங்கின. அந்தத் தோட்டத் துண்டாடலை எதிர்த்துத்தான் சுங்கை சிப்புட்டின் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். தப்பியது ஒரு பகுதிதான். பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, நெடுஞ்சாலை வந்தது, தாமான்கள் வந்தன. மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் ஜாம்பியில் 2017இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த மாற்றத்தின் படிகளை அளந்தது: காட்டைவிட முற்றிய செம்பனைத் தோட்டத்தின் நிலமேற்பரப்பு ஒரு டிகிரிக்கும் குறைவாகவே கூடுதல் சூடு, இளஞ்செம்பனையில் சுமார் 6 டிகிரி, மரம் வெட்டிய வெறும் நிலத்தில் சுமார் 10. இதுவும் செயற்கைக்கோள் அளவுதான், நான் மேலே சொன்ன குறை இதற்கும் உண்டு. இருந்தாலும் திசை தெளிவு. சூடேறுவது மரத்தின் பெயர் மாறும்போது அல்ல. கூரைபோல் மூடியிருந்த இலைப்பரப்பு திறக்கும்போது.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதை எந்த வெப்ப வரைபடமும் குறிப்பதில்லை. மலிவுவிலை அடுக்குமாடிக்கும் வரிசை வீட்டுக்கும் போனார்கள். வாசலில் மரத்துக்குப் பதில் கார். அல்லூருக்குப் பதில் சிமெண்டுக் கால்வாய். நாட்டின் தலைநகர்ப் பக்கத்தில் இதைவிடக் கூர்மையான உதாரணம் உண்டு. பிராங் புசார் முதலிய நான்கு தோட்டங்கள் இருந்த நிலத்தில்தான் புத்ராஜெயா எழுந்தது. அங்கே பள்ளத்தாக்கில் நீரைத் தேக்கி ஏரி அமைத்தபோது, நகரத்தைக் குளிர்விப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அந்த மண்ணில் தலைமுறைகளாகப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களுக்கு டிங்கில் பக்கத்தில் அடுக்குமாடி வீடு. ஏரிக்காற்று ஒரு பக்கம், ஏரிக்கு இடம் விட்டவர்கள் இன்னொரு பக்கம்.

தைப்பூசத்தன்று புந்தோங் சுங்கைப் பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை நடந்தவர்களுக்கு நீரும் நிழலும் என்ன செய்யும் என்பது உள்ளங்காலில் தெரியும். நண்பகல் தாரின் மேற்பரப்பு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். காவடிக்காரரின் காலில் யாரோ ஒரு குடம் நீரை ஊற்றுகிறார்கள். ஊற்றிய நொடியில் சுகம். பத்து அடி போவதற்குள் சாலை உலர்ந்து மறுபடி சுடுகிறது. ஆனால் ஒரு மரத்தின் நிழலுக்குள் நுழைந்தால் அந்த நிழல் முடியும்வரை கால் பிழைக்கும். நிழலில் ஊற்றிய நீரோ சீக்கிரம் காயாது. ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கங்களில் சொல்வதை ஊர்வலம் அரை மணிநேரத்தில் சொல்லிவிடுகிறது.

வெளிநாட்டு வெற்றிக் கதைகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். சோல் நகரில் சோங்கெசோன் ஓடையை 2003க்கும் 2005க்கும் இடையில் மீட்டெடுத்தார்கள், 5.8 கிலோமீட்டர். சில தெருக்கள் தள்ளியுள்ள இணைச்சாலையைவிட ஓடையோரம் 3.3 முதல் 5.9 டிகிரி வரை குறைவு என்று அளந்தார்கள். தண்ணீரின் புகழாகவே இதைப் பாடுகிறார்கள். ஓடைமேல் நின்ற மேம்பாலச் சாலையை அடியோடு பெயர்த்தார்கள், வாகனங்கள் போயின, காற்றுக்கு வழி திறந்தது, கரையில் செடி வளர்ந்தது. நீருக்கு இதில் எத்தனை பங்கு? சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாய் 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாறியது. அங்கேயும் கூடியது கரைதான்.

பேராக்கிலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பத்து காஜா அருகே கிந்தா இயற்கைப் பூங்காவில் ஈயக்குட்டைகளை அவற்றின் போக்கில் விட்டார்கள். புதர் மண்டியது, கொக்கும் நாரையும் குடியேறின. செரி இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பழைய ஈயநிலத்தில், குட்டைகளையும் மரமடர்ந்த மேடுகளையும் வைத்துக்கொண்டு எழுந்தது. வளைந்த பெரிய கூரையின் நிழலில் மாணவர்கள் வெயில்படாமல் கட்டடத்துக்குக் கட்டடம் நடக்கலாம். 2007இல் அதற்கு ஆகாகான் கட்டடக்கலை விருது கிடைத்தது. ஈப்போவுக்குள் குனோங் லாங் பூங்கா இருக்கிறது, 2000இல் திறந்தது. அங்கே மதியம் இரண்டு மணிக்கு நடந்து பார்த்திருக்கிறேன். திறந்த படகுத்துறையில் நீர் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்ததே தவிர, உடம்பு ஆறவில்லை. குன்றின் நிழல் விழும் பக்கம் போனபோதுதான் ஏரி ஏரியாகத் தெரிந்தது.

குட்டைகளை மூடி வீடு கட்டுவோருக்கு இந்தக் கட்டுரை சாட்சி சொல்லாது. மூடிய இடத்தில் தார் வரும்; அது எந்தக் கணக்கிலும் நட்டம், வெள்ளம் வந்தால் இரட்டை நட்டம். நான் கேட்பது குட்டையைக் காப்பாற்றுவதோடு நிற்காதீர்கள் என்பதுதான். செங்குத்து விளிம்பைச் சரிவாக்கினால் பிள்ளைகளும் பிழைக்கும், மரமும் நிற்கும். வெறும் மணலில் மரம் தானாக வராது. மேல்மண் கொண்டுவந்து கொட்டி, தழைச்சத்து ஏற்ற வேண்டும். ஈயக்கழிவு கிடக்கும் இடங்களில் மண்ணையும் நீரையும் சோதித்த பிறகே மனிதரை அழைக்க வேண்டும். வீடுகள் குட்டைக்கு முகம் காட்டட்டும், தெருக்கள் அதை நோக்கித் திறக்கட்டும். முதலில் எந்தக் குட்டை என்று கேட்டால், மலிவுவிலை வீடுகளுக்குப் பக்கத்தில் இருப்பது.

எல்லாம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஒரு மணிநேரப் பயணத்தில் விடை இருக்கிறது. தைப்பிங்கின் ஏரிப்பூங்காவும் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிதான். 1880இல் அதைப் பூங்காவாக்கும் வேலை தொடங்கியது. 1884இல் கரையில் மழைமரங்களை நட்டார்கள். தமிழில் நாம் தூங்குமூஞ்சி மரம் என்கிறோம், மலாய்க்காரர்கள் 'ஐந்து மணி' என்று பொருள்படும் புக்குல் லீமா என்கிறார்கள். 140 ஆண்டுகளில் அந்தக் கிளைகள் சாலையைத் தாண்டி, ஏரிக்குள் குனிந்து, நீரைத் தொடுகின்றன. தைப்பிங்கில் மழை அதிகம், மலை பக்கத்தில், ஆகவே எல்லாப் புகழையும் ஏரிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மழைமரத்தின் தினசரி வேலையைக் கவனித்தால் ஒன்று தோன்றுகிறது. அளந்து பார்த்தவன் அல்ல, ஊகம்தான். பகல் முழுவதும் அது குடைபோல் விரிந்து நீருக்கும் தாருக்கும் வெயில் படாமல் மறைக்கிறது. மாலை ஐந்து மணிவாக்கில் இலைகள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்கும். கூரை திறந்துகொள்ளும். ஏரியும் சாலையும் பகலில் வாங்கி வைத்த சூட்டை வானத்துக்குத் திருப்பிவிட இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் கரையில் நடந்தால் தலைக்கு மேலே வானம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாவது தெரியும்.